முகவரிக் கட்டத்தில் வந்த வரிகள்

மலைப்பாதையின் பதினோராவது வளைவுக்கு மேலே ஒரு கன்னியர் மடம் இருந்தது. போக்கிடம் இல்லாத தாய்மார்கள் கைப்பிள்ளையோடு வந்து ஆறு மாதம் தங்கிப் போகிற இடம். மடத்தின் தலைவி மதர் எவுப்ராசி. வயது முப்பத்தொன்பது. கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவரிடம் துறவுப் பயிற்சியில் இருந்தவர் பிளாவியா. மதரைவிட ஏழு வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து, கணவர் இறந்தபின் மடத்துக்கு வந்தவர். பரீட்சை அறையில் எந்தப் பெண் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறாள் என்பதை அவள் உட்காருகிற விதத்திலேயே சொல்லிவிடுவார் என்று பேர்.

செவ்வந்தி வந்தபோது அவள் பிள்ளைக்கு இருபத்திரண்டு நாள். பெண் குழந்தை. பேர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். நூல் மில்லில் வேலை பார்த்தவள். பிள்ளையின் அப்பனைப் பற்றிக் கேட்டால், வர மாட்டார் என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

ஒரு வாரத்தில் பிளாவியாவுக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. பிடிக்காமல் என்றுகூடச் சொல்ல முடியாது. நம்ப முடியாமல் போயிற்று.

பகலில் தூங்கி வழிந்தாள். சாப்பாட்டு மேசையில் பாதிச் சோற்றோடு எழுந்து அறைக்கு ஓடினாள். ஒருநாள் பிளாவியா கதவைத் தட்டாமல் திறந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. செவ்வந்தியின் கை பிள்ளையின் முகத்தின்மேல் இருந்தது. ஆளைக் கண்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் சன்னல் வழியாகப் பார்த்தது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் உள்ளங்காலில் அவள் விரலால் சுண்டினாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. பிள்ளை வீறிட்டு அழுதது. அப்போது செவ்வந்தியின் முகத்தில் தெரிந்தது சந்தோஷம்தான் என்று பிளாவியா பைபிளின்மேல் கை வைத்துச் சொல்லத் தயாராக இருந்தார்.

அன்று மாலை மதர் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். பிளாவியா கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மதர், ஒருத்தர் மனசுல இருக்கிற தீமையை, அது வெளியே வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?"

மதர் ஒரு கொடியை விலக்கிப் பார்த்தார்.

"யார் மனசுல?" என்றார்.

பிளாவியா கூடையை அடுத்த கொடிக்கு நகர்த்தினார். கையில் ஆதாரம் இல்லாமல் பேர் சொல்லக்கூடாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்.

ஆதாரம் மறுநாள் கிடைத்தது.

வெளியார் வந்து உட்காரும் பார்லரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாய்மார்களுக்கு ஆளுக்கு அரைமணி நேரம். செவ்வந்தியின் முறை இரண்டிலிருந்து இரண்டரை. அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். யாராவது உள்ளே வந்தால் உடனே மூடிவிடுவாள்.

அன்று அவள் எழுந்துபோன சூட்டோடு பிளாவியா போய் உட்கார்ந்தார். தடுப்பூசி அட்டவணை ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. மேலே முகவரி எழுதுகிற கட்டத்தில் 'குழந்தை' என்று தட்டினார். அடுத்த சொல்லைத் தட்டுவதற்குள் கட்டத்துக்குக் கீழே வரிகள் இறங்கின.

குழந்தை மூச்சு திணறல்.

குழந்தை மூச்சு நின்றால்.

குழந்தை மூச்சு நிற்க எத்தனை நிமிடம்.

பிளாவியா விரலை எடுத்துவிட்டார். இவற்றை அவர் எழுதவில்லை. அப்படியென்றால் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள்தான் எழுதியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகங்களை அவர் அப்படித்தான் பரிசோதிப்பார். மேல் தாளில் எழுதியதைக் கிழித்துப் போட்டாலும், அழுத்தி எழுதியது அடித்தாளில் பதிந்திருக்கும். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். எத்தனையோ காதல் கடிதங்களை அப்படிப் பிடித்திருக்கிறார். இந்தக் கட்டமும் அப்படியொரு அடித்தாள் என்று அவருக்குப் பட்டது. கடைசி வரியைத் தொட்டுத் திறந்தார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டரை ஆனதும் போய் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்தார். 'குழந்தை' என்று தட்டி, பக்கத்தில் ஒரு எழுத்து மட்டும் போடுவார். மிச்சத்தைக் கட்டம் கொடுத்துவிடும். வந்த வரிகளில் எது மோசமோ அதைத் தொட்டுத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பார். மறுநாள் வருகிற வரி முந்தின நாளைவிட மோசமாக இருந்தது. 'த' என்று போட்ட அன்று தலையணை வந்தது. பிளாவியா எழுந்தார். நேராகச் செவ்வந்தியின் அறைக்குப் போய், துவைக்க வேண்டும் என்று சொல்லி, இருந்த ஒரே தலையணையை எடுத்து வந்துவிட்டார். செவ்வந்தி ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்காததையும் பிளாவியா தன் கணக்கில் குறித்துக்கொண்டார்.

ஒன்பதாவது நாள், மதியச் சாப்பாடு முடிந்ததுமே, குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மதரிடம் போனார். பிள்ளையைத் தாயிடமிருந்து உடனே பிரித்து எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மதர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலையில் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

மதர் கடிதத்தை முழுவதும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"போடறேன். நடந்த எடத்துக்குப் போவோமா?"

மடத்தில் அப்படி ஒரு வழக்கம். அடுத்தவர்மேல் குறை சொல்ல வருகிறவர், அந்தக் குறை நடந்த இடத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். சோறு குழைந்துவிட்டது என்றால் அடுப்படியில். செபத்தில் தூங்கினாள் என்றால் அவள் தூங்கிய பெஞ்சுக்குப் பக்கத்தில். பாதிப் புகார்கள் நடக்கிற தூரத்திலேயே தேய்ந்து போகும். பிளாவியாவின் புகார் தேயவில்லை. பார்லர் வாசலை அடைந்தபோது அது இன்னும் பெரிதாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முகத்தின்மேல் இருந்த கை, உள்ளங்காலில் சுண்டியது, கட்டத்தில் நாள்தோறும் இறங்கிய வரிகள். மதர் நின்றபடியே கேட்டார்.

"அவ எழுதறதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்க விடமாட்டேங்கறாளே மதர். அதுவே பெரிய சாட்சி இல்லையா?"

"இதெல்லாம் அவ எழுதினதுன்னு எப்படித் தெரியும்?"

"அவளுக்கு அடுத்து உட்கார்றது நான்தான். நான் ஒரு எழுத்துதான் கொடுக்கறேன். மிச்சம் முழுக்க அவளோடது. யாரோ எழுதாம அது எப்படி வரும்?"

"யாரோ எழுதித்தான் வரும்," என்று மதர் ஒத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் பிளாவியா பக்கம் தள்ளினார். "அப்போ ஒண்ணு செய்ங்க. இந்த வீட்டுல எழுதினது மட்டும் வர்ற மாதிரி இந்தக் கட்டத்தை மாத்துங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பிளாவியாவுக்கு அது எப்படி என்று தெரியவில்லை. கீழே ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெரால்டைப் போனில் கூப்பிட்டார்கள். மதர் போனை மேசைமேல் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். ஜெரால்டு ஏதோ மென்றுகொண்டே பேசினான்.

விஷயம் சின்னதுதான் என்றான். அட்ரஸ் பாரில் ஒரு எழுத்தைத் தட்டினாலே போதும், அந்த எழுத்து வெளியே தேடல் கம்பெனிக்குப் போய்விடும். அவர்கள் அந்த எழுத்தில் ஆரம்பித்து ஊரில் எல்லோரும் என்னென்ன கேட்கிறார்களோ அதைத் திருப்பி அனுப்புவார்கள். இதைத்தானே கேட்க வந்தீர்கள் என்று நீட்டுகிற மாதிரி. என்டர் தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"தட்டினதை அழிச்சிட்டா?" என்று மதர் கேட்டார்.

"அழிச்சாலும் போனது போனதுதான் மதர்."

"ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துலகூட முழுசாச் சொல்லி முடிக்க விடுவாங்களேப்பா. உனக்கு எங்கே அது தெரியப்போகுது."

மறுமுனையில் மெல்லுவது நின்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கோவிலுக்கு வருவதாக ஜெரால்டு சொன்னான்.

பிளாவியா போனுக்குக் கிட்டே குனிந்தார். அப்படியானால் தான் பார்த்தது இந்த மெஷினில் இருந்தவள் எழுதியதா, ஊரில் யாரோ எழுதியதா என்று கேட்டார். குரல் பள்ளிக்கூடத்துக் குரலாக இருந்தது.

ரெண்டும் கலந்து வரும் என்றான் ஜெரால்டு. "அதோட சிஸ்டர், இந்த மெஷின்ல ஏற்கெனவே என்ன கேட்டிருக்கோ அதையும் அது பார்த்துக்கும். நீங்க ஒரு தடவை பேயைப் பத்திக் கேட்டீங்கன்னு வைங்க, அப்புறம் 'ப'ன்னு தொட்டாலே பேயைத்தான் காட்டும்."

அவன் சொல்லச் சொல்லப் பிளாவியா செய்தார். மேல் மூலையில் மூன்று புள்ளி. அதற்குள் அமைப்புகள். அதற்குள் தேடல். பரிந்துரைகளைக் காட்டு என்ற இடத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னச் சுவிட்சு. அதன்மேல் வைத்த விரலைப் பிளாவியா தட்டாமல் வைத்திருந்தார்.

"மதர், இதை மாத்தினா சாட்சியெல்லாம் அழிஞ்சுடும். அவ தப்பிச்சுடுவா."

அழியாது என்று போனிலிருந்து பதில் வந்தது. வெளியிலிருந்து வருவது மட்டும்தான் நிற்கும். இங்கே கேட்டது அத்தனையும் ஹிஸ்டரியில் இருக்கும், நாளும் மணியும் போட்டு. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஜெரால்டு போனை வைத்தான்.

பிளாவியா தட்டினார். நீலம் சாம்பல் நிறமாயிற்று.

மதர் சொல்ல, பிளாவியா கட்டத்தில் மறுபடி 'குழந்தை' என்று தட்டினார். இந்த முறை வரிகள் பாய்ந்து வரவில்லை. கொஞ்சம்தான் வந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும், இங்கே ஏற்கெனவே கேட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்னக் கடிகாரம். பிளாவியா ஹிஸ்டரியையும் திறந்தார்.

"சத்தமாப் படிங்க," என்றார் மதர். "மணியோட."

பிளாவியா தான் வந்து உட்கார்ந்த முதல் நாளிலிருந்து படித்தார்.

"மதியம் இரண்டு ஏழு. பச்சைக் குழந்தை தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவது ஏன்."

"அடுத்தது?"

"இரண்டு நாற்பத்தொண்ணு. குழந்தை மூச்சு நிற்க எத்தனை..."

பிளாவியா நிறுத்தினார்.

"படிங்க."

"மறுநாள். இரண்டு ஐந்து. பச்சைக் குழந்தை தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவது ஏன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "இரண்டு முப்பத்தெட்டு. குழந்தையைத் தாயே..."

பிளாவியா மற்றதை வாய்க்குள் படித்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு மணியை ஒட்டி ஒரே ஒரு வரி. எட்டு நாளும் அதே கேள்வி, சொல் மாறாமல். இரண்டரைக்குப் பிறகு மற்றவை. தலையணை இருந்தது இரண்டு நாற்பத்தைந்தில்.

"இதெல்லாம் நான் திறந்தது மதர்," என்றார் பிளாவியா. "அவளைக் கண்டுபிடிக்கிறதுக்காக."



பிளாவியாவால் அதோடு விட முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஆனா அந்தக் கை, மதர். அதைக் கம்ப்யூட்டர் சொல்லலை. முகத்துமேல வச்சிருந்ததை நான் என் கண்ணால பார்த்தேன். பிள்ளையை அழ விட்டுட்டுச் சந்தோஷப்பட்டதையும் பார்த்தேன்."

அப்போது மணி இரண்டு. செவ்வந்தி பார்லர் வாசலுக்கு வந்தாள். தோளில் பிள்ளை தூங்கியது. இரண்டு பேரும் திரை முன்னால் நிற்பதைப் பார்த்தாள். திரையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாள். வந்த வழியே திரும்பினாள்.

மதர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பாப்பா முகத்துல எதுக்கும்மா கை வைக்கிறே?"

செவ்வந்தி பிளாவியாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"முகத்துல இல்ல மதர். மூக்குக்குக் கீழே. அங்க வச்சாத்தான் காத்து வருதான்னு தெரியும்."

"வரலைன்னா?"

"பாதத்துல சுண்டுவேன். அழுதுரும். அழுதா மூச்சு வந்துரும்."



ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மதர் கேட்டார். செவ்வந்தி பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"சேர்ந்த அன்னிக்கு இந்த சிஸ்டர்தான் ஃபாரத்தை வாசிச்சாங்க. நோய் இருக்கிற பிள்ளையை இங்க வச்சுக்க மாட்டோம், வேற எடத்துக்கு அனுப்பிருவோம்னு. அங்க தாயைச் சேர்க்க மாட்டாங்களாம். நான் இதுல தேடித் தேடிப் பார்த்தேன். எதைத் திறந்தாலும் கடைசியில டாக்டர்கிட்ட காட்டுங்கன்னுதான் போட்டிருக்கு. உங்ககிட்ட சொல்லாம எந்த டாக்டர்கிட்ட நான் போவேன்? நாளைக்காவது வேற மாதிரி வருமான்னு பார்த்தேன். அதேதான் வருது."

மதர் கிட்டே போய்க் குனிந்தார். ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்தார். காற்று வந்தது. வந்தது. பிறகு வரவில்லை. மதரின் உதடுகள் எண்ணின. பிளாவியாவும் எண்ணினார். ஏழு. எட்டு. செவ்வந்தியின் விரல் பிள்ளையின் பாதத்துக்குப் போய்க் காத்திருந்தது. பதினொன்று. பன்னிரண்டு.

பிள்ளையின் நெஞ்சு ஒரு முறை குலுங்கி எழுந்தது. காற்று வந்தது. உதட்டைச் சுற்றி நாவல் பழம் தின்றதுபோல ஒரு நிறம் இருந்தது. அது மெல்ல மெல்லத்தான் வெளுத்தது.

மதர் நிமிர்ந்து கடிதத்தை எடுத்தார். அதைத் திருப்பி மேசைமேல் வைத்து, எழுதாத பக்கத்தில் எழுதினார். பெண் குழந்தை, பிறந்து முப்பத்தெட்டு நாள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. பன்னிரண்டு எண்ணும் வரை. உதடு நீலம். அடியில் கையெழுத்துப் போட்டு, நாளும் மணியும் எழுதி, செவ்வந்தியிடம் நீட்டினார்.

"இதை டாக்டர் கையில குடு. நீதான் குடுக்கணும்."

செவ்வந்தி வாங்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அனுப்பிராதீங்க மதர்."

"நீயும்தான் வர்றே. பிள்ளை உன் மடியிலதான் இருக்கும். திரும்பி வந்து அந்த ஃபாரத்தைக் கொண்டா, அந்த வரியை என்ன பண்றதுன்னு பார்க்கறேன்."

ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். செவ்வந்தி முன்சீட்டில் ஏறினாள். பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்த விரலை எடுக்கவில்லை. மதர் பின்னால் ஏறினார். பிளாவியா படியிலேயே நின்றார். பின்சீட்டில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. அது தனக்கில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். எதையாவது கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டார்.

"மதர், அந்தக் கட்டத்தை எப்படி வைக்கட்டும்? இப்படியே இருக்கட்டுமா, பழையபடி மாத்திடவா?"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மதர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"அது எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். ஒரு தாய் எட்டு நாளா ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கா. இந்த வீட்டுல இன்னும் யாரும் பதில் சொல்லலை. ஏறுங்க."